விண்டோஸுக்கு வெளியே நின்று வைரஸ் எடுப்பது: ரெஸ்க்யூ பென்ட்ரைவ் முழுமையான வழிகாட்டி

கல்முனையில் ஒரு கொமினிகேஷன் கடையின் பின் அறையில் கொம்பியூட்டர் திருத்துகிறேன். வேலை பழக வரும் தம்பிமார் ரெஸ்க்யூ டிஸ்க் போட்டு வைரஸ் எடுக்கும்போது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஸ்கான் பண்ணும் இடத்தில் விழுபவர்கள் குறைவு. அதற்கு முன்னால்தான் விழுகிறார்கள்: பிட்லொக்கர் (விண்டோஸ் தன் டிஸ்கைப் பூட்டும் முறை) சாவியைத் தேடாமல் பயோஸுக்குள் (விண்டோஸ் எழும்பும் முன் வரும் அடிப்படை செட்டிங் திரை) கை வைப்பது, நகல் எடுக்காமல் ஸ்கானைத் தொடங்குவது. வைரஸ் மிச்சம் வைத்த கோப்புகள் நம் கையால் போய்விடுகின்றன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படி தேவையில்லை என்று தோன்றினாலும், அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ரெஸ்க்யூ டிஸ்க் எதற்கு? விண்டோஸ் ஓடும்போது வைரஸும் கூடவே ஓடுகிறது. அன்டிவைரஸை நிறுத்தும், தன் கோப்பை மறைக்கும், அழித்தால் இன்னொரு மூலையில் இருந்து மறுபடி எழுதிக்கொள்ளும். பென்ட்ரைவில் இருந்து வேறொரு இயங்குதளத்தை, பெரும்பாலும் லினக்ஸை, எழுப்பினால் ஹார்ட்டிஸ்கில் கிடக்கும் வைரஸ் வெறும் கோப்புதான். ஓடாத கோப்பு எதிர்த்து நிற்காது.

1. இது அதற்கான நோய்தானா?

அன்டிவைரஸைத் திறந்த உடனே தானாக மூடிக்கொள்கிறது, டாஸ்க் மனேஜர் திறக்க மறுக்கிறது, அழித்த வைரஸ் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அதே பெயரில் திரும்பி வருகிறது, அல்லது விண்டோஸே எழும்பவில்லை. இப்படி இருந்தால் ரெஸ்க்யூ டிஸ்க் போடலாம்.

விண்டோஸ் 10 அல்லது 11 ஓரளவு ஓடுகிறதென்றால் முதலில் அதற்குள்ளேயே இருக்கும் மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கானைச் செய்து பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், ஸ்கான் ஒப்ஷன்ஸில் கடைசிப் பக்கமாக இருக்கும். கொம்பியூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே சுமார் 15 நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பும். பென்ட்ரைவ் தேவையில்லை. அதிலேயே தீர்ந்தால் நேராக 11ஆம் படிக்குப் போங்கள்.

மூன்று நிலைமைகளில் ரெஸ்க்யூ டிஸ்கை எடுக்கவே வேண்டாம்.

ஒன்று, திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று அடிக்கடி பெட்டி வருவது. அநேகமாக அது பிரவுசர் நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு தளத்தில் 'அலவ்' அழுத்தியிருக்கிறார்கள். பிரவுசர் செட்டிங்கில் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்துவிட்டால் முடிந்தது.

இரண்டு, ஹார்ட்டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போடுவது, ஒரு ஃபோல்டர் திறக்கவே நிமிடக் கணக்கில் எடுப்பது. அது டிஸ்க் சாகும் அறிகுறி. முழு ஸ்கான் அந்த டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் வாசிக்க வைக்கும். கடைசி மூச்சையும் அது வாங்கிவிடும். முதலில் கோப்புகளை எடுங்கள்.

மூன்று, ரான்சம்வெயார். கோப்புப் பெயர்களின் முடிவில் புதிதாக ஒரு சொல் ஒட்டியிருக்கும், பணம் கேட்டு ஒரு குறிப்பு கிடக்கும். ரெஸ்க்யூ டிஸ்க் வைரஸை எடுக்கும், பூட்டிய கோப்பைத் திறக்காது. கண்ட உடனே வலையமைப்பைத் துண்டியுங்கள், வெளி டிஸ்குகளைக் கழற்றுங்கள். அந்தக் குறிப்பையும் பூட்டப்பட்ட கோப்புகளில் ஒன்றிரண்டையும் வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொலிஸ் அமைப்பான யூரோபொலும் டச்சுப் பொலிஸும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அவற்றைக் கொடுத்தால், எந்த வகை, இலவசத் திறப்பான் உண்டா என்று சொல்லும். எல்லா வகைக்கும் இல்லை. இன்று இல்லாதது பிறகு வரலாம் என்பதால் பூட்டிய கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

சுத்தமான இன்னொரு கொம்பியூட்டர். நோயுள்ள இயந்திரத்திலேயே ரெஸ்க்யூ பென்ட்ரைவ் தயாரிப்பதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. டவுன்லோட் செய்த கோப்பையே வைரஸ் கெடுக்கலாம், பென்ட்ரைவிலும் ஏறிக்கொள்ளலாம். வேறு வழி இல்லாவிட்டால் தெரிந்தவர் வீட்டில் போய்ச் செய்யுங்கள்.

பென்ட்ரைவ் ஒன்று, குறைந்தது 4 ஜிபி, 8 இருந்தால் நல்லது. அதில் உள்ளதெல்லாம் அழியும். நகல் எடுக்க வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்று. லேன் கேபிள், இல்லையென்றால் அன்ட்ரொய்ட் ஃபோனும் அதன் டேட்டா கேபிளும். ஏன் என்பது 8ஆம் படியில்.

கரண்ட். லேப்டொப் என்றால் சார்ஜர் செருகியபடியே இருக்க வேண்டும். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் வேண்டும். ஸ்கான் நடக்கும்போது கரண்ட் போனால் நேரம்தான் வீண். ஆனால் கோப்பைச் சுத்தம் செய்து எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் போனால் அந்தக் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். அது விண்டோஸின் முக்கியக் கோப்பாக இருந்தால் கதை முடிந்தது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை தொடங்கினால் கரண்டை நம்ப முடியாது. அந்த மாதங்களில் இந்த வேலையைக் காலையிலேயே தொடங்கிவிடுவேன்.

3. பிட்லொக்கர் சாவி

இந்தப் படியைத் தாண்டிப் போய் அழுதவர்களைக் கண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இப்போது வரும் லேப்டொப்களில் டிஸ்க் முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். அப்படிச் செய்யப்பட்டிருப்பது உரிமையாளருக்கே தெரியாது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் லொகின் செய்து புது லேப்டொப்பைத் தயார் செய்யும்போது அது தானாகவே நடந்துவிடுகிறது. நீங்கள் பயோஸில் செக்யூர் பூட் (அங்கீகாரம் இல்லாத இயங்குதளம் எழும்பாமல் தடுக்கும் காவல்) என்பதை நிறுத்திவிட்டு வந்தால், விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே போக வழி கிடையாது. கடைக்காரராலும் முடியாது, தயாரித்த கம்பெனியாலும் முடியாது.

ஆகவே பயோஸுக்குள் போகும் முன்பே பாருங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவின் மேல் பூட்டுப் படம் இருக்கிறதா? செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஒன் ஆகியிருக்கிறதா? இருந்தால், உரிமையாளரின் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் வேறொரு ஃபோனில் போய், டிவைசஸ் பகுதியில் ரிகவரி கீயை எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள். சாவியுடன் ஓர் அடையாள எண்ணும் இருக்கும். ஒரே கணக்கில் இரண்டு மூன்று லேப்டொப் இருந்தால் எது எதற்கு என்று அந்த எண்ணை வைத்துத்தான் பிரித்தறியலாம்.

சாவி கிடைத்த பிறகு பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். ஆனால் நிறுத்தி வைத்தாலும் டிஸ்கில் உள்ளது மறைகுறியாகவே இருப்பதால், லினக்ஸில் ஓடும் பல ரெஸ்க்யூ டிஸ்குகளால் அதை வாசிக்க முடியாது. பிட்லொக்கரை முழுதாக ஓஃப் செய்து, டிஸ்க் முழுவதிலும் மறைகுறி நீங்கி முடியும் வரை காத்திருக்க வேண்டும். 'டிஸ்கில் ஒன்றும் இல்லை, வைரஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டது' என்று ஒரு தம்பி பதறி ஓடி வந்தார். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, பூட்டியிருந்தது.

4. பென்ட்ரைவைத் தயாரித்தல்

தொடக்கத்தில் காஸ்பர்ஸ்கை ரெஸ்க்யூ டிஸ்க், டொக்டர் வெப் லைவ்டிஸ்க் இரண்டில் ஒன்றை எடுத்தால் போதும். இரண்டும் இலவசம். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருந்து மட்டும் ஐஎஸ்ஓ கோப்பை (முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாகக் கட்டியது) எடுங்கள். தேடலில் முதலில் வரும் 'இலவச டவுன்லோட்' தளங்கள் சில, வைரஸ் எடுக்க வந்தவருக்கே வைரஸ் கொடுத்து அனுப்பும்.

பழைய டிஸ்க்கைத் தேடிப் போகாதீர்கள். 2015இல் யாரோ எரித்த சிடி லாச்சியில் கிடக்கும். அது எழும்பவும் செய்யும். ஆனால் அதற்குப் பிறகு வந்த வைரஸ் எதுவும் அதற்குத் தெரியாது. புது இயந்திரத்தின் டிஸ்க்கே அதற்குத் தென்படாமல் போகலாம்.

ஐஎஸ்ஓவைப் பென்ட்ரைவில் எழுதுவதற்கு ரூஃபஸ் என்ற கருவி. பென்ட்ரைவைச் செருகி, ரூஃபஸில் சரியான டிரைவைத் தெரிந்து, ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பக்கத்தில் வெளி ஹார்ட்டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓவைத் தெரிந்த பிறகு அருகில் வரும் சரி அடையாளத்தை அழுத்தினால் அதன் கைரேகை எண்ணை, அதாவது ஹாஷை, ரூஃபஸே கணக்கிட்டுக் காட்டும். நிறுவனத்தின் தளத்தில் ஹாஷ் கொடுத்திருந்தால் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். எங்கள் இணைப்பு நடுவில் அறுந்து அறுந்து வருவதால் அரைகுறை டவுன்லோட் அடிக்கடி நடக்கிறது.

ரூஃபஸ் பார்டிஷன் ஸ்கீம் (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் முறை) கேட்கும். நோயுள்ள இயந்திரத்தில் விண்டோஸ் ஓடினால், ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயோஸ் மோட் வரியைப் பாருங்கள். யூஈஎஃப்ஐ என்றால் ஜிபிடி, லெகசி என்றால் எம்பிஆர். ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் முதலில் ரூஃபஸ் பரிந்துரைப்பதை எடுங்கள். எழும்பவில்லை என்றால் மறுபடி டிடி முறையில் எழுதுங்கள். டிடி முறையில் எழுதிய பென்ட்ரைவை விண்டோஸில் செருகினால் 'ஃபோர்மட் பண்ணவா?' என்று கேட்கலாம். வேண்டாம் என்று மூடிவிடுங்கள். 'ஆம்' அழுத்தினால் செய்த வேலை எல்லாம் போச்சு.

வென்டோய் என்ற கருவியில் ஒரே பென்ட்ரைவில் பல ஐஎஸ்ஓக்களைப் போட்டு வைக்கலாம். கடையில் எனக்கு அது வசதி. ஆனால் சில ரெஸ்க்யூ ஐஎஸ்ஓக்கள் அதில் முழுமையாக எழும்புவதில்லை. முதல் தடவை செய்பவர் பிழை எங்கே என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வார். பழகும் வரை ரூஃபஸே போதும்.

5. விண்டோஸை முழுதாக அணையுங்கள்

விண்டோஸ் 8இல் இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் அழுத்தினால் விண்டோஸ் முழுதாகச் சாவதில்லை. பாதித் தூக்கத்தில் போகிறது. அந்த நிலையில் உள்ள டிஸ்க்கை லினக்ஸ் வாசிக்கும், ஆனால் எழுத மறுக்கும். விளைவு: ஸ்கான் வைரஸைக் கண்டுபிடிக்கும், எடுக்க முடியாது என்று சொல்லும். மூன்று மணித்தியாலம் காத்திருந்துவிட்டு அதைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

வழி எளிது. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே ஷட்டவுனை அழுத்துங்கள். அப்போது முழுதாக அணையும். ரீஸ்டார்ட் செய்தாலும் முழுதாகத்தான் அணையும்; எனவே ரீஸ்டார்ட் கொடுத்து நேராக பூட் மெனுவுக்கு (எதில் இருந்து எழுப்புவது என்று கேட்கும் பட்டியல்) போவதும் சரிதான்.

6. பூட் மெனு

விசை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். டெல், லெனோவோ: எஃப்12. எச்பி: எஸ்கேப், அப்புறம் எஃப்9. ஏசுஸ் லேப்டொப்: எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மொடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் போய் எஃப்12 மெனுவை இயக்கிவிட வேண்டும். பவர் பட்டனை அழுத்திய உடனேயே விசையைத் தட்டத் தொடங்குங்கள். லோகோ வந்த பிறகு தட்டினால் பிந்திவிடும்.

மெனுவில் ஒரே பென்ட்ரைவ் இரண்டு தடவை தெரியலாம்: யூஈஎஃப்ஐ என்ற முன்னொட்டுடன் ஒன்று, இல்லாமல் ஒன்று. 4ஆம் படியில் பார்த்த பயோஸ் மோடுக்குப் பொருந்துவதை எடுங்கள். 'செக்யூரிட்டி வயலேஷன்' போல ஒரு சிவப்புப் பெட்டி வந்தால் செக்யூர் பூட் தடுக்கிறது. பயோஸில் அதை நிறுத்துங்கள், பழைய நிலையை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு.

இந்தப் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்கிறேன்: பயோஸில் எதை மாற்றினாலும் மாற்றும் முன் ஒரு படம். திரும்ப வைக்கும்போது நினைவை நம்பாதீர்கள்.

எழும்பிய பிறகு ஹார்ட்டிஸ்கே தெரியவில்லை என்றால், இன்டெல் இயந்திரங்களில் ஸ்டோரேஜ் முறை ரெய்ட் அல்லது விஎம்டியில் இருக்கலாம். அதை ஏஎச்சிஐக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். ஆனால் அந்த நிலையில் விண்டோஸ் எழும்பாமல் நீலத் திரை காட்டும். பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததும் பழையபடி மாற்றினால் விண்டோஸ் எழும்பும். மாற்ற மறந்து 'விண்டோஸ் செத்துவிட்டது' என்று புதிதாக இன்ஸ்டோல் செய்தவரும் உண்டு.

7. ஸ்கானுக்கு முன் நகல்

ரெஸ்க்யூ டிஸ்க்கிலேயே ஃபைல் மனேஜர் இருக்கும். ஸ்கானர் திறந்திருந்தால் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைத் திறங்கள். இங்கே சி, டி என்ற எழுத்துகள் விண்டோஸில் இருந்த மாதிரி இருக்காது. அளவையும் உள்ளே 'யூசர்ஸ்' ஃபோல்டர் இருக்கிறதா என்பதையும் வைத்து அடையாளம் காணுங்கள்.

எதை எடுப்பது? ஆவணங்கள், படங்கள், கணக்கு மென்பொருளின் தரவு, அச்சகமென்றால் பேஜ்மேக்கர், கோரல்ட்ரா கோப்புகள். டெஸ்க்டொப்பை மறக்காதீர்கள், எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் டெஸ்க்டொப்பில்தான் போடுகிறார்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்பதையும் எடுங்கள். பாமினி ஃபொன்டில் அடித்த கடிதங்களும் வினாத்தாள்களும் இன்னும் எத்தனையோ கடைகளில் இருக்கின்றன. புதிதாக விண்டோஸ் போட்டு அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஒரே ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வைரஸ் கோப்பைத் தின்றுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். ஃபொன்ட் இல்லை, அவ்வளவுதான்.

எதை எடுக்கக் கூடாது? இஎக்ஸ்இ, எஸ்சிஆர் போன்ற இயங்கும் கோப்புகள், இன்ஸ்டோலர்கள். சாலிட்டி, ராம்னிட் போன்ற வைரஸ்கள் நல்ல மென்பொருள் கோப்புகளுக்குள்ளேயே தங்களை ஒட்டிக்கொள்பவை. ராம்னிட் எச்டிஎம்எல் பக்கங்களையும் விடாது. அவற்றை நகலெடுத்தால் நோயையும் நகலெடுக்கிறீர்கள்.

சோட்கட் வைரஸ் வந்த பென்ட்ரைவையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். களுவாஞ்சிகுடிப் பக்கம் டியூட்டரி நடத்தும் சேர் ஒருவர் பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது பென்ட்ரைவைக் கொண்டுவந்தார். 'தம்பி, இத ஃபோர்மட் பண்ணித் தாங்க, அதுக்குள்ள ஒண்டும் இல்ல' என்றார். விண்டோஸில் திறந்தால் ஒரே ஒரு சோட்கட், அந்தப் பென்ட்ரைவின் பெயரிலேயே. ஆனால் 16 ஜிபியில் 11 ஜிபி நிரம்பியிருப்பதாகக் கீழே காட்டியது. பொருள் இல்லாத பெட்டி கனக்காதே. ரெஸ்க்யூ டிஸ்க்கின் ஃபைல் மனேஜரில் திறந்தேன். சோட்கட்டுக்குப் பக்கத்தில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர்; படம் மட்டும் இருந்தது, கீழே வெறும் வெள்ளை. உள்ளே போனால் தரம் 10, தரம் 11, மாதிரி வினாத்தாள், எல்லாம் வரிசையாக இருந்தன. வைரஸ் அந்த ஃபோல்டருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி எழுத்தைப் பெயராகக் கொடுத்து, மறைக்கும் குறியையும் போட்டுவிட்டது. விண்டோஸ் அந்தக் குறியை மதிக்கும், லினக்ஸின் ஃபைல் மனேஜர் பெரும்பாலும் மதிக்காது. கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுத்து, சோட்கட்டை அழித்து, அதற்குப் பிறகுதான் பென்ட்ரைவை ஃபோர்மட் செய்தேன். சேர் கதிரையை விட்டு எழும்பி வந்து திரையில் ஒவ்வொரு பெயராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

8. நேரம், இணையம், அப்டேட்

ஸ்கானருக்குப் புது வைரஸ்கள் தெரிய வேண்டுமானால் அதன் தரவுத்தளம் இன்றைய நாளுக்கு வர வேண்டும். வைஃபை சில லேப்டொப்களில் இந்தச் சூழலில் வேலை செய்யாது. லேன் கேபிள் சிக்கலில்லாதது. அது இல்லாவிட்டால் ஃபோனைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள்; லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அப்டேட் கொஞ்சம் பெரிதாக இருக்கும், டேட்டா பொதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையம் இருந்தும் அப்டேட் ஆகவில்லையா? தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டொப்களில் மதர்போர்டில் உள்ள பொத்தான் பற்றரி செத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். தேதி பிழையென்றால் பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் செல்லாது என்று ஆகிவிடும், அப்டேட்டும் நின்றுவிடும். பயோஸில் தேதியைச் சரி செய்யுங்கள். அந்தப் பற்றரியையும் மாற்றிவிடுங்கள், மலிவான சாமான்.

9. ஸ்கான்

எங்கெங்கே பார்ப்பது என்று ஒரு பட்டியல் வரும். பூட் செக்டர், ஸ்டார்ட்அப் கோப்புகள், விண்டோஸ் உள்ள டிரைவ் மட்டும் அல்லாமல் எல்லா டிரைவையும் தெரியுங்கள். டி டிரைவை விட்டுவிட்டால் அங்கே கிடக்கும் ஒரு கோப்பை யாராவது நாளைக்கு இரட்டை கிளிக் செய்து எல்லாவற்றையும் மறுபடி தொடக்கிவிடுவார்கள். நகல் எடுத்த வெளி டிஸ்க்கையும் சேர்த்தே ஸ்கான் பண்ணுங்கள்.

'தானாக அழி' என்பது இருந்தால் நிறுத்தி வையுங்கள். கண்டதை முதலில் காட்டட்டும்.

பழைய 500 ஜிபி டிஸ்க்குக்கு மூன்று முதல் ஆறு மணித்தியாலம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே வீதத்தில் நின்றால் செத்துவிட்டது என்று நினைத்து அணைக்காதீர்கள், பெரிய ஸிப் கோப்புக்குள் இருக்கும். லேப்டொப்பை மெத்தையிலோ தலையணையிலோ வைக்காமல் மேசையில் வையுங்கள். தூசி அடைத்த பழைய லேப்டொப் இத்தனை மணித்தியாலம் உழைத்தால் சூடாகித் தானாக அணைந்துவிடும்.

10. முடிவைப் படித்தல்

இதைத்தான் யாரும் படிப்பதில்லை. பட்டியல் வந்ததும் கை 'எல்லாவற்றையும் அழி' பக்கம் போகிறது. முதலில் பட்டியலை ஃபோனில் படம் எடுங்கள்.

பெயரின் தொடக்கத்தைப் பாருங்கள். ட்ரோஜன், வோர்ம் என்று தொடங்கினால் பொதுவாக அந்தக் கோப்பு முழுவதுமே கெட்டது; போகட்டும். வைரஸ் என்று தொடங்கினால் அது பெரும்பாலும் நல்ல கோப்பு ஒன்றில் ஒட்டிக்கொண்டது. அதற்குச் சுத்தம் செய் என்பதைத்தான் கொடுக்க வேண்டும். அழித்தால் நல்ல கோப்பும் சேர்ந்து போகும்.

அப்புறம் இடத்தைப் பாருங்கள். டெம்ப் ஃபோல்டர், ரீசைக்கிள் பின் என்றால் யோசிக்கத் தேவையில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 என்றால் கையை எடுங்கள். சுத்தம் செய்ய முடியாவிட்டால் அழிக்காமல் குவாரன்டைனில் (ஓட விடாமல் ஒதுக்கிப் பூட்டி வைக்கும் இடம்) போடுங்கள், பெயரையும் பாதையையும் எழுதி வையுங்கள். யூசர்இனிட் என்ற கோப்பு காணாமல் போன இயந்திரத்தில் பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போன மறுநொடி வெளியே தள்ளிவிடும். சுற்றிச் சுற்றி அதேதான். எது எங்கே இருந்தது என்று தெரிந்தால் நல்ல நகலை அதே இடத்தில் வைத்துச் சரிசெய்யலாம்.

ஹக்டூல் என்று வருவது அநேகமாக விண்டோஸை அல்லது ஒஃபிஸைத் திருட்டுத்தனமாக அக்டிவேட் செய்த கருவி. 'அது நல்லது தம்பி, விடுங்க' என்பார்கள். விடாதீர்கள் என்பதே என் முடிவு. நான் பார்த்த இயந்திரங்களில் நோய் வந்த வாசல் பல தடவை அதுவாகவே இருந்தது. அழித்தால் அக்டிவேஷன் போகலாம் என்பதை உரிமையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆயிரக்கணக்கான இஎக்ஸ்இ கோப்புகளில் சாலிட்டி அல்லது ராம்னிட் என்று வந்தால் சுத்தம் செய்வதை விட்டுவிடுங்கள். செய்து முடித்தாலும் பாதி மென்பொருள் ஓடாது, ஒரே ஒரு கோப்பு தப்பினாலும் மறுபடி எல்லாம் நிறையும். 7ஆம் படியில் எடுத்த நகல் கையில் இருக்கிறது. டிஸ்க்கை முழுதாக ஃபோர்மட் செய்து புதிதாக விண்டோஸ் போடுங்கள்.

முடிந்ததும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி பென்ட்ரைவில் எழுப்பி, இரண்டாவது தடவை ஸ்கான். அது சுத்தம் என்று சொன்ன பிறகு விண்டோஸுக்குப் போங்கள்.

11. விண்டோஸுக்குத் திரும்பிய பிறகு

முதல் தடவை எழும்பும்போது இணையம் வேண்டாம். ஏதாவது மிச்சம் இருந்தால் அது வெளியே பேசி மறுபடி எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும்.

பயோஸில் மாற்றியவற்றைப் படத்தைப் பார்த்துப் பழையபடி வையுங்கள், செக்யூர் பூட் உட்பட. பிட்லொக்கரை நிறுத்தியிருந்தால் மறுபடி இயக்குங்கள். கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பிழையாகக் காட்டினால் பதற வேண்டாம். இயந்திரத்தின் நேரத்தை லினக்ஸ் சர்வதேச நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுப்பதால் வரும் வித்தியாசம். சரி செய்துவிட்டால் போதும்.

இனி வைரஸ் விட்டுப்போன தடங்கள். ப்ரொக்ஸி செட்டிங்கில் யாரும் போடாத முகவரி இருக்கிறதா? டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப்பிலும் டாஸ்க் ஷெடியூலரிலும் அர்த்தமில்லாத பெயர்கள் இருக்கின்றனவா? பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்? வைரஸ் கோப்பு போயிருக்கும், அதைக் கூப்பிடும் வரி மட்டும் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் 'கோப்பைக் காணவில்லை' என்று பெட்டி வருகிறது.

டிஃபென்டர் ஒன் ஆகிறதா என்று பாருங்கள். சிஸ்டம் ஃபைல் செக்கரை ஒரு தடவை ஓட்டுங்கள், கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளை அது மாற்றும். பழைய ரீஸ்டோர் பொயின்ட்களை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். பழையவற்றுக்குள் வைரஸும் பத்திரமாக இருக்கும். அடுத்த மாதம் யாராவது ரீஸ்டோர் செய்தால் திரும்பி வரும்.

பாஸ்வேர்ட்களை வேறொரு சுத்தமான கருவியில் இருந்து மாற்றுங்கள்: மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்தது, அதன் பிறகு மற்றவை. மின்னஞ்சல் முதலில் ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் அதன் வழியாகத்தான் மீட்க முடியும்.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேராத அந்த இயந்திரங்களில் ஓட்டை அடைபடாது. வங்கி வேலைக்கு அவற்றை வைக்காதீர்கள்.

12. பென்ட்ரைவுகள்

இயந்திரம் சுத்தமாகி இரண்டு நாளில் அதே வைரஸுடன் திரும்பி வந்தால், வீட்டில் அல்லது கடையில் உள்ள பென்ட்ரைவுகளை ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டு வாங்குங்கள்: பிள்ளையின் பள்ளிக்கூட பென்ட்ரைவ், காரில் பாட்டுக் கேட்கும் பென்ட்ரைவ், ஃபோனின் மெமரி கார்ட், பழைய கமராவின் கார்ட். ரெஸ்க்யூ டிஸ்க்கை எழுப்பி ஒவ்வொன்றாகச் செருகி ஸ்கான் பண்ணுங்கள்.

கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர்களுக்கு: வாடிக்கையாளர் பென்ட்ரைவைச் செருகவென்று ஒரு பழைய இயந்திரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். அதில் லினக்ஸ் போட்டால் சோட்கட் வைரஸ் அதில் ஓடாது. பிடிஎஃப் ஆக மாற்றி அங்கிருந்தே அச்சிடலாம். கணக்கு எழுதும் இயந்திரத்தில் எவருடைய பென்ட்ரைவும் ஏறக் கூடாது.

ரெஸ்க்யூவுக்கு பென்ட்ரைவுக்குப் பதிலாக, பக்கவாட்டில் பூட்டுச் சுவிட்ச் உள்ள முழு அளவு எஸ்டி கார்டை ரீடரில் போட்டும் செய்யலாம். சுவிட்ச்சைப் பூட்டினால் பெரும்பாலான ரீடர்கள் அதில் எழுத விடாது. நான் என்னுடையதில் தயாரித்த மாதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்று மாதம் தாண்டினால் புது ஐஎஸ்ஓ எடுத்து மறுபடி எழுதிவிடுவேன்.